பழைய கூண்டு, ஓடுகிற வண்டி – பொருத்தும் முன் ஒரு கணக்கு

– இரண்டாம் ஆண்டு மாணவர், ஆட்டோமொபைல் பிரிவு



ஆண்டு மலரில் ராக்கெட் பற்றியும் ரோபோ பற்றியும் எழுத நம் கல்லூரியில் ஆள் இருக்கிறார்கள். நான் நம் தெருவில் ஓடும் வண்டியைப் பற்றி எழுதுகிறேன். 2005-ல் டாடா ஏஸ் வந்தது. ஜனங்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள். பிறகு 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. இப்போது மார்க்கெட், மண்டி, பால் பண்ணை என்று எங்கு பார்த்தாலும் இந்தச் சின்ன லோடு வண்டிகள்தான். நம்மில் பலர் வீட்டு அடுப்பு எரிவதே இவற்றால்தான்.

இந்த வண்டிகள் பெரும்பாலும் திறந்த தொட்டியோடுதான் வருகின்றன. மழை, வெயில், தூசி, திருட்டு இவற்றிலிருந்து சரக்கைக் காக்க மேலே ஒரு மூடிய கூண்டு வேண்டும். புதுக் கூண்டு கட்டக் காசு அதிகம். அதனால் ஒருவர் கழற்றிப் போட்ட கூண்டை இன்னொருவர் வாங்கி மாட்டுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். "தூக்கி வச்சு நாலு போல்ட் போட்டா முடிஞ்சுது" என்பார்கள். அப்படி முடிந்துவிடுகிற வேலையா இது? அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கூண்டு என்பது என்ன?

நம் முன்னோர்களின் கூண்டு வண்டி எல்லோருக்கும் தெரியும். மூங்கில் வளைத்துப் பாய் வேய்ந்தது. அதன் பேரப்பிள்ளைதான் இன்றைய இரும்புக் கூண்டு. இதில் மூன்று வகை உண்டு. முதலாவது, பைப் வளைத்துத் தார்ப்பாய் போர்த்துவது. எடை குறைவு, ஆனால் திருடன் பிளேடு வைத்தால் போச்சு. இரண்டாவது, இரும்பு அல்லது அலுமினியத் தகடு அடித்த பெட்டி. மூன்றாவது, ஃபைபர் கூண்டு.

அமெரிக்காவில் பிக்கப் வண்டியைச் சொந்தக் காராகவே பயன்படுத்துகிறார்கள். அங்கே பின் தொட்டியின் மேல் ஃபைபரிலோ அலுமினியத்திலோ செய்த 'கேம்பர் ஷெல்' என்ற மூடியை மாட்டி, அதற்குள் படுத்து உறங்கிப் பயணம் போவார்கள். அங்கும் பழைய ஷெல் வாங்கி மாட்டும் பழக்கம் உண்டு. தொட்டியின் விளிம்பில் நுரைப் பட்டை ஒட்டி, ஷெல்லை வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். ஓட்டை போடத் தேவையில்லை.

"அப்படியே நாமும் கிளாம்ப் போட்டுவிடலாமே?" என்று கேட்கலாம். முடியாது. அவர்கள் தொட்டியின் பக்கச் சுவர் அசையாதது, பாரம் தாங்கும். நம் லோடு வண்டிகள் பலவற்றில் பக்கப் பலகை கீல் வைத்து மடக்குவது. கொண்டியை எடுத்தால் கீழே விழுந்துவிடும். அதன் மேல் கூண்டின் பாரத்தை ஏற்றினால் முழு எடையும் கீலுக்கும் கொண்டிக்கும் போகிறது. ஆகவே நம் வண்டியில் கூண்டின் கால்கள் தொட்டியின் தளத்துக்கு வந்து, அடியில் ஓடும் குறுக்குச் சட்டங்களின் மேல் உட்கார வேண்டும். இதுதான் முதல் விதி.

வாங்கும் முன் தட்டிப் பார்

பழைய கூண்டுகள் பட்டறைகளிலும், சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரி பாகச் சந்தைகளிலும் கிடைக்கும். நாமக்கல், கரூர், திருச்செங்கோடு பக்கம் பாடி கட்டும் தொழில் நடப்பதால் அங்கேயும் விசாரிக்கலாம். விலை பேசும் முன் நான்கு சோதனைகள்.

ஒன்று: சின்னச் சுத்தியலால் அடிப்பக்கச் சட்டத்தை மெல்லத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீர் என்னும். துரு தின்ற இரும்பு பொத்தென்று ஒலிக்கும். துரு எப்போதும் கீழிருந்துதான் ஆரம்பிக்கும், ஏனென்றால் தண்ணீர் தேங்கும் இடம் அது.

இரண்டு: ஒரு காந்தம். பெயிண்ட் பளபளப்பாக இருக்கும். உள்ளே ஓட்டை விழுந்த இடத்தில் பட்டி பூசி மறைத்திருப்பார்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது. பத்து ரூபாய்க் காந்தம் பல ஆயிரத்தைக் காப்பாற்றும். (அலுமினியக் கூண்டில் காந்தம் எங்குமே ஒட்டாது, பயப்பட வேண்டாம்!)

மூன்று: நல்ல வெயிலில் உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் புள்ளி தெரிகிறதோ அங்கெல்லாம் மழையும் வரும்.

நான்கு: மூலைவிட்டம். கூண்டின் அடியில் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் வைத்து அளக்க வேண்டும். 2.2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் என்றால் பிதாகரஸ் தேற்றப்படி இரண்டும் 2.66 மீட்டர் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் கூண்டு கோணிவிட்டது என்று அர்த்தம். எங்கேயோ இடித்த வண்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம். கோணிய கூண்டை போல்ட் போட்டு இழுத்து உட்கார வைத்தால், அந்த இழுப்பு வெல்டிங்கிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த இடம்தான் முதலில் விரியும்.

எங்கள் வீட்டில் இதை நேரில் பார்த்தோம். அப்பா பொரி மண்டியிலிருந்து கிராமத்துக் கடைகளுக்குப் பொரி போடுகிறார். பொரிக்கு எதிரி ஈரம். ஒரு சாரல் போதும், நமத்துப்போகும். கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் கூண்டு அவசியம். ஒரு இரும்புக் கூண்டு மலிவாக வந்தது. மலிவு என்றாலும் எங்களுக்கு அது மூன்று மாதத் தவணைப் பணம். மூலைவிட்டம் அளந்தபோது மூன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். பட்டறை அண்ணன் சிரித்தார். "தம்பி, ரெண்டு தட்டு தட்டினா உக்காந்துடும்."

"அண்ணா, இப்ப உக்காரும். ஆறு மாசம் கழிச்சு எங்க எழுந்திரிக்கும்?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. டேப்பை வாங்கி அவரே ஒரு முறை அளந்து பார்த்தார். "சரிதான், இது இடி வாங்கின மால்" என்றார்.

எடை: தொலைந்துபோகும் மூட்டைகள்

இனி முக்கியமான கணக்குக்கு வருவோம். ஆர்.சி.யில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை. மற்றொன்று சரக்கோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் ஏற்றக்கூடியது. கணக்குக்காக வெறும் எடை 850 கிலோ, மொத்த எடை 1600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 750 கிலோ.

இப்போது ஒரு இரும்புக் கூண்டு: நீளம் 2.2, அகலம் 1.5, உயரம் 1.5 மீட்டர். இரண்டு பக்கம் 6.6 சதுர மீட்டர். முன்னும் பின்னும் 4.5, கூரை 3.3. மொத்தம் 14.4 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. ஆக தகடு மட்டும் 113 கிலோ. சட்டத்துக்கு 25 மில்லிமீட்டர் ஆங்கிள், 3 மில்லிமீட்டர் கனம், மீட்டருக்குச் சுமார் 1.1 கிலோ. நாற்பது மீட்டர் போனால் 44 கிலோ. மொத்தம் 157 கிலோ.

சட்டப்படி வெறும் எடையில் டிரைவரும் உதவியாளரும் சேர மாட்டார்கள். இரண்டு பேருக்கு 130 கிலோ வையுங்கள். 750-லிருந்து 157-ம் 130-ம் போக மீதி 463 கிலோ. சிமெண்ட் என்றால் ஒன்பது மூட்டை. அவ்வளவுதான்! கூண்டு இல்லாதபோது பன்னிரண்டு மூட்டை ஏற்றிய அதே வண்டி. மூன்று மூட்டையைக் கூண்டே தின்றுவிட்டது.

இதே அளவை 1.5 மில்லிமீட்டர் அலுமினியத்தில் அடித்தால் தகடு 58 கிலோதான். விலை கூடும். ஆனால் வருஷம் முழுக்க, ஒவ்வொரு நடையிலும், ஒரு மூட்டை கூடுதலாகச் சட்டப்படி ஏற்றலாம். எது மலிவு என்பதை அவரவர் நடைக் கணக்கைப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

"ஏன்டா, பொரிக்கு என்னடா வெயிட்டு?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. போகும்போது பொரி. ஆனால் வரும்போது வெறும் வண்டியாக வந்தால் டீசல் காசு யார் தருவார்கள்? உரம், அரிசி, சிமெண்ட், எது கிடைக்கிறதோ அதை ஏற்றினால்தான் கட்டும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. மேலே சொன்ன கூண்டின் கொள்ளளவு ஏறக்குறைய 5 கன மீட்டர். ஒரு கன மீட்டர் அரிசி முக்கால் டன்னுக்குக் குறையாது. கூண்டில் எட்டில் ஒரு பாகம் ஏற்றும்போதே நம் 463 கிலோ முடிந்துவிடும். மீதி ஏழு பாகம் காலியாக நின்று "இன்னும் ஏத்து, இன்னும் ஏத்து" என்று கூப்பிடும். திறந்த வண்டியில் மூட்டை அடுக்கின் உயரம் கண்ணுக்குத் தெரியும். மூடிய கூண்டில் தெரியாது. ஆகவே உள் சுவரில் ஒரு சிவப்புக் கோடு போட்டு, 'அரிசி இதுவரை' என்று எழுதி வைப்பது நல்லது.

கூண்டின் எடையைக் கணக்கிட முடியாவிட்டால் எடை மேடைக்குப் போங்கள். கூண்டு வைத்த வண்டியை ஒரு முறை, கூண்டை இறக்கிய பிறகு ஒரு முறை. இரண்டு சீட்டின் வித்தியாசம் பொய் சொல்லாது. நாங்கள் பார்த்த அந்த மலிவுக் கூண்டு 210 கிலோ வந்தது! உள்ளே அடித்திருந்த பிளைவுட் பல மழை குடித்து ஊறியிருந்தது. அப்பா சீட்டை இரண்டு முறை படித்தார். பிறகு அந்தக் கூண்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எடை எங்கே விழுகிறது?

என் தாத்தா பார வண்டி ஓட்டியவர். மூட்டையை அடுக்கிவிட்டு நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பாராம். முன்பாரம் ஆனால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் ஆனால் நுகம் மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இழுக்கும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாம் இரண்டாம் பருவத்தில் படிக்கும் திருப்புத்திறன் விதி அதுதான்.

சக்கரங்களுக்கு இடையே 2.1 மீட்டர் உள்ள ஒரு வண்டியில், கூண்டின் மையம் பின் அச்சுக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், 157 கிலோவில் முன் அச்சுக்குப் போவது 157 × 0.2 ÷ 2.1 = 15 கிலோ. மீதி 142 கிலோ பின் அச்சின் தலையில். கூண்டு வேறு வண்டியிலிருந்து வந்தது, கேபினில் இடிக்கிறது என்று 30 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளினால், மையம் பின் அச்சைத் தாண்டி 10 சென்டிமீட்டர் போய்விடும். இப்போது முன் அச்சுக்குக் கிடைப்பது பாரம் அல்ல. ஏழரை கிலோ தூக்கல்! பின் அச்சில் 164 கிலோவுக்கு மேல். சரக்கும் அதே பின்பக்கம் ஏறினால் ஸ்டியரிங் 'லேசா இருக்கு' என்று டிரைவர் சொல்வார். அது சௌகரியம் அல்ல, எச்சரிக்கை. முன் டயர் ரோட்டைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள்.

அதே சமயம் கேபினோடு ஒட்டியும் வைக்கக் கூடாது. பள்ளத்தில் சேஸிஸ் முறுக்கும்போது கேபின் ஒரு பக்கமும் கூண்டு ஒரு பக்கமும் ஆடும். இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். கேபினுக்குப் பின்னால் காற்று இழுக்கும் குழாய் இருந்தால் அதை அடைக்கக் கூடாது. டீசல் டேங்க் மூடி, ஸ்டெப்னி இரண்டுக்கும் கை எட்ட வேண்டும்.

உயரமும் காற்றும்

வண்டி வளைவில் சாயுமா என்பதற்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு: சக்கர அகலத்தை ஈர்ப்பு மைய உயரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். விடை பெரிதாக இருந்தால் நல்லது. சக்கர அகலம் 1.3 மீட்டர், வெறும் வண்டியின் ஈர்ப்பு மையம் 0.6 மீட்டர் உயரம் என்று வைத்தால் விடை 1.08. இதன் மேல் 157 கிலோ கூண்டு, அதன் மையம் தரையிலிருந்து 1.45 மீட்டர். இரண்டும் சேர்ந்த ஈர்ப்பு மையம் 0.73 மீட்டருக்கு ஏறும். விடை 0.89 ஆகக் குறையும். வளைவில் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், முன்பு 60 கிலோமீட்டர் வேகத்தில் போன அதே வளைவில் அதே பாதுகாப்போடு போக 54-க்கு இறங்க வேண்டும். ஸ்பிரிங் சாய்வதையும் டயர் நெளிவதையும் சேர்த்தால் உண்மையான எல்லை இன்னும் குறைவு. சரக்கும் உயரமாக அடுக்கினால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது காற்று. கூண்டின் பக்கவாட்டுப் பரப்பு 3.3 சதுர மீட்டர். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் பக்கக் காற்று அடித்தால், அதாவது நொடிக்கு 15 மீட்டர், அழுத்தம் சதுர மீட்டருக்கு 135 நியூட்டன். முழுப் பக்கத்துக்கும் 445 நியூட்டன், சுமார் 45 கிலோ. காற்று 72 கிலோமீட்டர் ஆனால் 80 கிலோ! நாகர்கோவில் பக்கம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் கணவாயில் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றனவே, சும்மாவா நிற்கின்றன? பாலக்காட்டுக் கணவாயும் அப்படித்தான். அந்த வழியில் காலிக் கூண்டோடு போகும் வண்டிதான் அதிகம் ஆடும். பாரம் ஏற்றிய வண்டி அவ்வளவு ஆடாது. புதிதாகக் கூண்டு மாட்டிய டிரைவருக்கு இதைச் சொல்லி வைப்பது நம் கடமை.

பிடிப்பு: போல்ட் அறுவதில்லை, தகடு கிழிகிறது

கூண்டை எப்படிப் பிடித்து நிறுத்துவது? பலருக்கும் முதலில் தோன்றுவது வெல்டிங். சேஸிஸில் நேரடியாக வெல்டிங் வைக்கவே கூடாது. சூட்டில் அந்த இடத்து இரும்பின் குணம் மாறும், உள் இழுப்பு தங்கும், நாள்பட்ட அதிர்வில் அங்கிருந்துதான் விரிசல் புறப்படும். கூண்டிலேயே வெல்டிங் வேலை இருந்தாலும் வண்டியிலிருந்து இறக்கி வைத்துச் செய்வது உத்தமம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்த பிறகு எல்லா வண்டியிலும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. இறக்க வழியே இல்லை என்றால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். டீசல் குழாய் எங்கே ஓடுகிறது என்று குனிந்து பார்த்த பிறகே தீக்குச்சி, கேஸ் எல்லாம்.

சேஸிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓட்டை போடக் கூடாது. ஏன்? ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் நியூட்ரல் ஆக்ஸிஸ் என்று வரைந்தோமே, நினைவிருக்கிறதா? வளையும் சட்டத்தில் அதிக இழுவிசையும் அழுத்தமும் மேல், கீழ் விளிம்புகளில்தான். நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பரீட்சைக்காக மனப்பாடம் செய்த அந்தப் படம் எதற்கு என்று இங்கேதான் விளங்குகிறது. தொட்டியை நீக்கிவிட்டு முழுக் கூண்டாக வைப்பவர்கள் யூ போல்ட்டும், கம்பெனியே விட்டிருக்கும் ஓட்டைகளும் கொண்டு பிடிப்பதே சரி.

தொட்டியின் மேல் வைப்பவர்களுக்கு ஆறு இடத்தில் எம்-10 போல்ட் என்று வைத்துக்கொள்வோம். திடீர் பிரேக்கில் கூண்டும், முன் சுவரில் சாய்ந்த 463 கிலோ சரக்கும் சேர்ந்து, புவியீர்ப்பின் 0.7 மடங்கு என்று கணக்கிட்டால், சுமார் 434 கிலோ தள்ளும். ஒரு போல்ட்டுக்கு 72 கிலோ. 8.8 தர எம்-10 போல்ட் ஒன்று மூவாயிரம் கிலோவுக்கு மேல் இழுத்தாலும் தாங்கும். அப்புறம் ஏன் கூண்டுகள் கழன்று விழுகின்றன?

பழைய கூண்டுகளின் ஓட்டையைக் கவனியுங்கள். வட்டமாக இருக்காது, நீள்வட்டமாக இருக்கும். போல்ட் தளர்ந்ததும் கூண்டு முன்னும் பின்னும் ஆடி, போல்ட்டின் உடம்பே அரம் போலத் தகட்டை அராவுகிறது. ஒரு நாள் தலை ஓட்டை வழியாகவே வெளியே வந்துவிடும். ஆகவே பெரிய போல்ட் போடுவதைவிட, அடியில் கையகல, 5 மில்லிமீட்டர் கனத் தட்டு வைத்து இறுக்குவதே பயன் தரும். கூண்டின் காலுக்கும் தளத்துக்கும் நடுவே ரப்பர் ஷீட், மேலே அகல வாஷர், கீழே லாக் நட். ரப்பர் சில நாளில் அமுங்கும்; அமுங்கினால் போல்ட் தளரும். எனவே முதல் 100 கிலோமீட்டரில் ஒரு முறை, 500-ல் ஒரு முறை, பிறகு சர்வீஸ் தோறும் ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும். இறுக்கியதும் நட்டுக்கும் தட்டுக்கும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டு விடுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று டிரைவரே பார்த்துக்கொள்வார்.

மழையும் துருவும்

பழைய சீலன்ட் மேலேயே புது சீலன்ட் பூசுவது வீண். சுரண்டி எடுத்து, துடைத்து, காய்ந்த பிறகே பூச வேண்டும். கூரை நடுவில் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. கதவுக்கு மேலே வீட்டுத் தாழ்வாரம் போல ஒரு சிறு தகடு மடக்கி வைத்தால் பாதி ஒழுகல் நிற்கும். வேலை முடிந்ததும் ஒருவர் உள்ளே டார்ச்சோடு நிற்க, ஒருவர் வெளியே குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாகப் பிடித்து வர வேண்டும். மேலிருந்து பிடித்தால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட்டு, நடுவில் உப்பு ஈரம் இருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அலுமினியம்தான் கரையும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராமேஸ்வரம் போன்ற கடலோர நண்பர்கள் இதை மறக்கக் கூடாது. தொடும் இடமெல்லாம் பெயிண்ட், ரப்பர், நைலான் வாஷர்.

விளக்கு, கண்ணாடி

கூண்டு ஏறியதும் கேபினின் பின் கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியாது. ஆகவே இரண்டு பக்கக் கண்ணாடியும் சரியாக இருந்தே ஆக வேண்டும். பின் விளக்கு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எதையும் கதவோ சட்டமோ மறைக்கக் கூடாது. ஒளி வீசும் ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. உள்ளே ஒரு விளக்கு வேண்டுமென்றால் ஒயர் தகட்டைக் கடக்கும் ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டு, தனி ஃபியூஸ் கொடுங்கள். தகட்டில் உரசிய ஒயர் கூண்டையே எரித்துவிடும்.

புகையும் ஆளும்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பெட்டி வடிவ வண்டி ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. அந்த இடம் சுற்றியுள்ள காற்றை இழுக்கும். சைலன்சர் புகையையும் சேர்த்து இழுக்கும். பின் கதவு சரியாக மூடாவிட்டாலோ தளத்தில் ஓட்டை இருந்தாலோ புகை கூண்டுக்குள் வரும். அதில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறம் இல்லை, வாசனை இல்லை. தூக்கம் போல வரும், எழுந்திருக்க முடியாது. அமெரிக்காவில் கேம்பர் ஷெல்லுக்குள் ஆள் ஏற்ற வேண்டாம் என்று எச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊரில் கல்யாணம், கோயில் திருவிழா, களை எடுக்கும் வேலை என்றால் லோடு வண்டியில் ஆட்களை ஏற்றுகிறார்கள். சட்டப்படி அது தவறு. மூடிய கூண்டில் ஏற்றுவது அதைவிடக் கொடுமை. உட்கார இருக்கை இல்லை, பிடிக்கக் கம்பி இல்லை, கதவோ வெளியிலிருந்து தாழ்ப்பாள். மேலே கணக்குப் போட்டோமே, 0.89, அதில் இருபது பேர் நின்றால் அந்த எண் எங்கே போகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். "பக்கத்து ஊருதானே" என்று கேட்பவர்கள் நம் சொந்தக்காரர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களிடம் மாட்டேன் என்று சொல்வதுதான் கஷ்டம். ஆனாலும் சொல்ல வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே காசு கொடுக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இந்தக் கூண்டை ஆர்.சி.யில் ஏற்ற முடியுமா என்று கேட்டுவிட வேண்டும். தவணையில் உள்ள வண்டி என்றால் கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வ சம்மதமும் வேண்டும். 2019 திருத்தத்தின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2000. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்து, பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு "கூண்டு எப்ப வச்சீங்க?" என்று கேட்டால் காட்டக் காகிதம் இருக்க வேண்டும்.

முடிவாக

அப்பாவுக்கு இரண்டு மாதம் கழித்து ஒரு அலுமினியக் கூண்டு அமைந்தது. மூலைவிட்டம் சரியாக வந்தது. போல்ட் போட்டது பட்டறை அண்ணன்தான். அடித்தட்டு வெட்டும் அளவு மட்டும் நான் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு வண்டியின் சத்தத்தை வைத்தே எந்த நட்டு தளர்ந்தது என்று சொல்லத் தெரியும். எனக்கு அது தெரியாது, இனிமேல்தான் கற்க வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். படித்தவன் என்று பட்டறையில் போய் அதிகாரம் செய்ய அல்ல; அவர்கள் கை அறிந்ததற்கு நம் கணக்கைத் துணை சேர்க்கத்தான் இந்தப் பட்டயம் என்று நினைக்கிறேன்.

நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள லோடு வண்டியின் ஆர்.சி.யை வாங்கிப் பாருங்கள். வெறும் எடை, மொத்த எடை இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கழித்து, டிரைவர் இருக்கைக்கு முன்னால் ஒட்டி வையுங்கள். கூண்டு இருந்தால் எடை மேடைச் சீட்டு ஒன்றும் வாங்கி அதன் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒரு ஸ்பேனரை எடுத்து அந்த ஆறு நட்டையும் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.